கேபிள் எப்போது அறுந்தது

இன்சூரன்ஸ் ஆபீஸ் கணக்கக்காவுக்கு இப்போது சொந்த வீடு மாதிரி ஆகிவிட்டது. மாடிப்படியில் எந்த டைல்ஸ் பெயர்ந்திருக்கிறது, எந்த நாற்காலிக்குக் கால் ஆடும், தண்ணீர் மிஷினில் எந்தக் குழாயைத் திருகினால் வெறும் காற்று வரும், எல்லாம் அத்துப்படி. அத்துப்படி ஆகாதது ஒன்றே ஒன்றுதான். படகு நொறுங்கிக் கிடக்கிறது, தவணை தவறாமல் கட்டியிருக்கிறது, பிறகு ஏன் இவர்கள் தரமாட்டேன் என்கிறார்கள்?

கணக்கக்கா என்பது துறைமுகம் வைத்த பெயர். வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குக் காய்கறி, குடிதண்ணீர், கயிறு, சோப்பு என்று கொண்டுபோய்க் கொடுக்கும் படகு அவளுடையது. அவள் பெயரில் வாங்கியது, அவள் பெயரில் கடன், அவள் பெயரில் இன்சூரன்ஸ். ஓட்டுவது மட்டும் அவள் புருஷன். அவரை எல்லோரும் கேப்டன் என்பார்கள். இருப்பதே ஒரு படகு, அதற்கு ஒரு கேப்டனா என்று வெளியாள் சிரிக்கலாம். துறைமுகத்தில் யாரும் சிரித்ததில்லை. எப்பேர்ப்பட்ட காற்றிலும் கப்பலோடு உரசாமல் படகைக் கொண்டுபோய் நிறுத்துகிற கை அது. அந்தக் கையைப் பற்றி அவருக்கு இருந்த கர்வமும் கொஞ்சநஞ்சமில்லை.

அப்பேர்ப்பட்டவர் ஓட்டிய படகு, பட்டப்பகலில், துறைமுக வாசலில் இருக்கும் அலைத்தடுப்புக் கற்களில் போய் மோதியது. முன்பக்கம் பிளந்து, அடிப்பாகம் கிழிந்து, எஞ்சின் வயிறு முட்டக் கடல்தண்ணி குடித்து, பாதி முங்கிக் கிடந்தது. படகில் அவர் ஒருவர்தான் இருந்தார். நல்லகாலம், நெற்றியில் ஒரு வீக்கத்தோடு கரையேறினார்.

ஏறியதும் ஏறாததுமாக அவர் அவளிடம் சொன்னது, "ஸ்டியரிங் கேபிள் அறுந்துருச்சு."

அவளுக்குத் திக்கென்றது. சக்கரத்தைத் திருப்பினால் பின்னால் தண்ணீருக்குள் இருக்கும் சுக்கான் திரும்புவது அந்தக் கேபிளால்தான். கேபிள் பழசாகிவிட்டது, மாற்றிவிடலாம் என்று அவர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொல்லியிருந்தார். அடுத்த மாசம் பார்த்துக்கலாம் என்று தள்ளிப்போட்டவள் அவள்தான். ஐஸ் பெட்டியில் ஓட்டை விழுந்திருந்தது, முதலில் அதை வாங்கினாள். அடிப்பாவி, ஆளையே கொன்றிருப்பேனே என்று அன்றைக்கு அவள் அழுத அழுகை கொஞ்சமல்ல. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "சரி விடு, நடந்தது நடந்துபோச்சு" என்றார். எவ்வளவு பெரிய மனசு இந்த மனுஷனுக்கு என்று அதற்கும் சேர்த்து அழுதாள்.

கிளெய்ம் மனுவில் என்ன நடந்தது என்று கேட்டிருந்த இடத்தில், ஒளிக்காமல் மறைக்காமல் எழுதினாள். கேபிள் பழையது, அறுந்துவிட்டது, மாற்றாமல் விட்டது என் தவறு. மடியில் கனமில்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள். அந்த ஒரு வரிதான் வேட்டு வைத்தது.

"தேய்மானத்துக்கு இன்சூரன்ஸ் கிடையாதுங்க" என்றாள் கிளெய்ம் பிரிவில் இருந்த பெண். அவள் முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. மானிட்டரைப் பார்த்தே பேசினாள். "பழசாகி அறுந்துச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

"உண்மையைத்தாம்மா எழுதினேன்."

"அதான் மேடம் சொல்றேன். உண்மையை எழுதியிருக்கீங்க. அதனால வராது."

இந்தப் பதிலைக் கேட்டுவிட்டுத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளாமல் படியிறங்கி வந்தாளே, அதற்கே அவளுக்கு ஒரு மெடல் கொடுக்கலாம். அடுத்த தடவை போனால் மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார். அதற்கடுத்து லீவில் இருந்தார். போன் அடித்தால் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு எங்கோ போய்விடுவார்கள், அந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. மெயில் அனுப்பு என்றார்கள், அனுப்பினாள். வரவில்லை என்றார்கள். பிறகு வந்தது, ஆனால் படம் தெளிவாக இல்லை என்றார்கள்.

"நீங்களும் ஒரு தடவை வாங்களேன்" என்று புருஷனைக் கூப்பிட்டுப் பார்த்தாள்.

"எனக்கு ஆபீஸ் பேச்சு வராது. நீயே பேசு, நீதான் கெட்டிக்காரி."

சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ்காரர்கள் அனுப்பிய சர்வேயர் முதல் தடவை படகைப் பார்க்க வந்த அன்றும் கேப்டனுக்குப் பல் வலி. படகை அப்போது கரைக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள், பின்பக்கம் சேற்றில் புதைந்து கிடந்தது. சர்வேயர் கரையில் நின்றபடியே நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வீட்டில் இருந்தால் நாத்தனார். கேப்டனின் அக்கா, ரெண்டு தெரு தள்ளி இருப்பவள், பொழுது போகாவிட்டால் வந்து உட்கார்ந்துகொள்வாள். "ஒரு கேபிள் வாங்கக் கணக்குப் பார்த்தியே, இப்ப என் தம்பி கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கான் பாரு" என்பாள். கணக்கக்கா பாத்திரத்தைத் தேய்ப்பாள். என்னத்தைப் பேசுவது? நாத்தனார் சொன்னதில் தப்பில்லையே என்றுதான் அவளுக்குத் தோன்றியது. கேப்டன் ஹாலில் டி.வி. பார்த்துக்கொண்டிருப்பார். "விடுக்கா, பாவம் அவ" என்று சொல்லிவிட்டுச் சத்தத்தைக் கூட்டி வைப்பார்.

கடைசியில் கணக்கக்கா ஆபீஸிலேயே ஒருநாள் உட்கார்ந்துவிட்டாள். மேனேஜர் வந்தால்தான் எழுந்திருப்பேன் என்றாள். கடன்காரன் படகைத் தூக்கிக்கொண்டு போனால் நான் இங்கேயே குடிவந்துவிடுவேன் என்று சத்தம் போட்டாள். மற்ற கிளெய்ம்காரர்களும் ஆமாம் ஆமாம் என்று சேர்ந்துகொள்ள, மேனேஜர் மீட்டிங்கிலிருந்து வெளியே வந்துவிட்டார். மறுபடியும் சர்வேயரை அனுப்புகிறேன், இந்தத் தடவை ஓட்டினவரும் அங்கே இருந்தாக வேண்டும், அவருடைய வாக்குமூலம் இல்லாமல் நான் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி அவளை அனுப்பி வைத்தார்.

இப்போது படகு பட்டறையில் இருந்தது. நாலு பக்கமும் இரும்பு முட்டுக் கொடுத்து, ஆள் குனிந்து அடியில் போகிற உயரத்துக்கு நிறுத்தியிருந்தார்கள். காய்ந்த சேற்று வாடையும் டீசல் வாடையும் சேர்ந்து மூக்கைத் துளைத்தது. கேப்டன் வெளுத்த சட்டை போட்டு, தலைவாரி, ஓரமாக நின்றுகொண்டிருந்தார். இன்றைக்குப் பல்லும் வலிக்கவில்லை, வயிறும் வலிக்கவில்லை. எதைச் சொல்லித் தப்பிக்க முடியும்? அவள்தான் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்திருந்தாளே.

சர்வேயர் வெயிலில் அலைந்து கறுத்த மனிதர். அவருக்கும் இது சலித்துப்போன வேலை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இங்க பாருங்கம்மா. கேபிள் பழசாகி அறுந்துதான் மோதுச்சுன்னா நான் எத்தனை தடவை வந்து பார்த்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. பராமரிப்பு உங்க பொறுப்பு."

"அப்ப எதுக்குத்தான் சார் பணம் தருவீங்க?"

"விபத்துக்குத் தருவோம். ஓட்டுறவர் கணக்குத் தப்பிக் கல்லுல மோதிட்டாருன்னா அது விபத்து. அதுக்கு உண்டு."

அவளுக்கு ரத்தம் கொதித்தது. "நல்லா இருக்கு சார் உங்க நியாயம்! ஓட்டுறவன் தப்புப் பண்ணினா பணம், ஒழுங்கா ஓட்டினா கிடையாதா? எங்க வீட்டுக்காரர் தப்பே பண்ணாத மனுஷன். அதுக்குத் தண்டனையா?"

"தப்பு பண்றதுக்குத்தானேம்மா இன்சூரன்ஸே?" என்றார் சர்வேயர். பிறகு கேப்டன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. அன்னிக்கு என்ன ஆச்சு?"

கேப்டன் தொண்டையைச் செருமினார். சர்வேயரைப் பார்த்தார், படகைப் பார்த்தார். அவள் நின்ற பக்கம் பார்க்கவில்லை.

"அப்படின்னா… நான் தப்பா திருப்பிட்டேன்னு சொன்னா பணம் வருமா சார்?"

"பணம் வரும்ங்கிறதுக்காகச் சொல்லச் சொல்லல. நடந்ததைச் சொல்லுங்க."

"நடந்ததே அதுதான் சார். கேபிள் முன்னாடி அறுந்து போகல. எங்களுக்குப் போட்டியா கப்பலுக்குச் சாமான் கொண்டுபோற வெள்ளைப் படகுக்காரன் பின்னாடியே வந்தான். அவனுக்கு முன்னாடி உள்ள நுழைஞ்சிரலாம்னு வேகத்தைக் குறைக்காம கல்லை ஒட்டியே திருப்பினேன். கொஞ்சம் அதிகமா ஒட்டிட்டேன். முழுசாத் திருப்பிப் பார்த்தேன், முடியல. மோதின குலுக்கல்லதான் கேபிள் போச்சு."

சர்வேயர் நம்பவில்லை. "பணம் வரும்னதும் கதை மாறுதே?" என்று சொல்லிக்கொண்டே டார்ச்சை எடுத்துப் படகின் பின்பக்கம் குனிந்து போனார். கேப்டனும் பின்னாலேயே போய்ச் சுக்கானைத் தொட்டுக் காட்டினார். சேற்றில் புதைந்திருந்த அந்தச் சுக்கானை இப்போதுதான் சர்வேயர் பார்க்கிறார். தண்டு வளைந்து, முழுக்க வலது பக்கம் திரும்பிய நிலையிலேயே இறுகிப்போயிருந்தது. அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"கேபிள் முன்னாடியே போயிருந்தா இது இப்படி முழுசாத் திரும்பி நின்னிருக்காது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படம் எடுத்தார். வெளியே வந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "அட, முதல்லயே இதைச் சொல்லித் தொலைச்சிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்குமே! சரி, கிளெய்ம் போகும். அம்மா எழுதினது அவங்க நம்பினதைத்தான். நான் அப்படியே ரிப்போர்ட்ல போட்டுடறேன்."

கிளெய்ம் போகும். இந்த வார்த்தைக்காக அவள் செருப்புத் தேய அலைந்திருக்கிறாள். வந்தால் கடனை அடைக்கலாம், எஞ்சினை மாற்றலாம், ஏன், நாத்தனாருக்கு ஒரு வாய் காப்பி கூடச் சிரித்த முகமாகக் கொடுக்கலாம் என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தாள். இப்போது சந்தோஷம் ஒரு பொட்டுக்கூட வரவில்லை.

சர்வேயர் படகின் பக்கவாட்டில் காகிதத்தை வைத்துக் கேப்டன் சொன்னதை எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு பேனாவை அவளிடம் நீட்டினார். "ஓனர் கையெழுத்து."

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். போடவில்லை.

"என்கிட்ட சொல்லுங்க" என்றாள் புருஷனிடம்.

"அதான் சார்கிட்ட சொல்லிட்டேனே."

"சார்கூடவா நான் குடித்தனம் பண்றேன்?"

சர்வேயர் சட்டென்று போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நாலு அடி தள்ளிப்போனார். அந்தப் பக்கம் யாரும் இல்லை என்பது அவர் பேசாமல் நின்றதிலேயே தெரிந்தது.

"தப்புன்னு ஒத்துக்கிட்டா பணம் வராதுன்னு நினைச்சேன்" என்றார் கேப்டன். "இங்க ஒரு பய மதிக்க மாட்டான்னும் நினைச்சேன். எத்தனை வருஷப் பேரு."

"அது ஆபீஸுக்கு. அது துறைமுகத்துக்கு. வீட்டுல எனக்கு என்ன சொல்லணும்? பக்கத்துல உட்கார்ந்து சரி விடுன்னு சொன்னீங்களே, உங்களுக்கு எப்படிங்க வாய் வந்துச்சு? உங்க அக்கா என்னைக் கிழிகிழின்னு கிழிச்சப்ப 'பாவம் அவ'ன்னு சொன்னீங்களே?"

அவர் படகில் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டினார். "எப்படியும் நீ தாங்கிக்குவேன்னு நினைச்சேன்" என்றார்.

அவள் காகிதத்தை ஒரு தடவை முழுக்கப் படித்தாள். கையெழுத்துப் போட்டாள்.

"சார்" என்று கூப்பிட்டாள். சர்வேயர் போனைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

"படகு ரிப்பேராகி வந்ததும், ஓட்டுற ஆள் மாறினா ஆபீஸுல சொல்லணுமா?"

சர்வேயர் கேப்டனை ஒரு பார்வை பார்த்தார். "கண்டிப்பா சொல்லணும். புது ஆளோட லைசன்ஸ் காப்பி ஒண்ணு வேணும்."

"கொண்டுவந்து தர்றேன்" என்றாள் அவள்.