ஹெல்சிங்கியில் கடித்த முறுக்கு

ஹெல்சிங்கியில் வாயில் போட்ட ஒற்றை முறுக்கைத் தாலினில் இறங்கித்தான் விழுங்கினேன். ஒரு முறுக்கு, இரண்டு நாடு, நடுவில் ஒரு கடல்.

பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனில் எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கம் மாதம் ஒருமுறை கூடும். அதில் பத்து நிமிடப் பயண உரை என்னுடையது. அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் மீதி மாதம் முழுக்க மாத்திரை சாப்பிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை இந்த முறுக்கோடு ஆரம்பித்தேன். நாற்பது பேரும் சிரித்தார்கள், செயலாளர் தியாகராஜாவைத் தவிர. யாழ்ப்பாணத்துக்காரர், பாலம் கட்டிய இன்ஜினியர். சிரிப்பதற்கு முன்பும் அளந்து பார்ப்பார்.

இரண்டு ஊருக்கும் நடுவே எண்பது கிலோமீட்டர்தான் என்றேன். இங்கிருந்து பிலடெல்ஃபியா போவதைவிடக் குறைவு. விமானம் வானத்தில் இருப்பதே இருபது நிமிடம். தண்ணீர் கொடுக்க வந்த பெண், கொடுத்த கையாலேயே காலிக் கப்பைப் பிடுங்கிக்கொண்டு போனாள். அந்த இருபது நிமிடத்தில் நம் ஃப்ரீவேயில் ஒரு எக்ஸிட்கூடத் தாண்ட முடியாது.

தியாகராஜா போனில் தட்டிப் பார்த்தார். தூரம் சரி, நேரமும் சரி என்று ஒப்புக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாம் சரி, கந்தசாமி. ஆனா ஒரு முறுக்கை இருபது நிமிசம் ஆர் வாயில வைச்சிருக்கிறது? உது பொய். பொய் சொல்லுற ஆளுக்கு இனி இங்க பேச இடமில்லை."

போச்சு என் பத்து நிமிடம். பணிவாக ஒரு சோதனை கேட்டேன்: அதே முறுக்கை அவரே சாப்பிட்டுப் பார்க்கட்டும். சம்மதித்தார்.

அதே முறுக்கு பக்கத்து மேசையிலேயே இருந்தது. பயணத்துக்கு எனக்கு டப்பா நிறையச் சுட்டுக் கொடுத்த புண்ணியவதி, அவருடைய மனைவி மரகதம்தான். அன்றும் ஒரு தட்டு கொண்டுவந்திருந்தார், யாரும் தொடவில்லை. தியாகராஜாவுக்குக் கொலஸ்ட்ரால். பதினோரு வருஷமாக மனைவியின் முறுக்கைக் கண்ணால் மட்டுமே சாப்பிடுகிறவர்.

முதல் கடியில் ஒரு சத்தம் கேட்டது. அது முறுக்கின் சத்தம் இல்லை.

ஸ்டாப்வாட்ச் ஓடியது. ஐந்தாவது நிமிடம், பின்லாந்துக் கரையைத் தாண்டியிருப்போம். முறுக்கு வலக் கன்னத்திலிருந்து இடக் கன்னத்துக்குக் குடிபோனது. பத்தாவது நிமிடம், நடுக்கடல். அவர் கண்ணிலும் தண்ணீர். இருபத்திரண்டாவது நிமிடம் தொண்டைக்குழி ஏறி இறங்கியது. தாலின்.

மரகதம் இடுப்பில் கை வைத்து எதிரே நின்றார்.

"என்னப்பா இவ்வளவு நேரம்? என்ரை முறுக்கு என்ன கல்லோ?"

நாற்பது பேரும் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டார்கள்.

"ருசிம்மா," என்றேன். "அதனாலதான் எனக்கும் விழுங்க மனசு வரல."

தியாகராஜா என்னைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். தட்டில் மிச்சமிருந்த முறுக்குகளையும் பார்த்தார்.

"ஓம்," என்றார். "கந்தசாமி சொன்னது நடந்ததுதான்."