பெர்மனன்ட் அட்டை

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சங்கீதா கைபேசியைத் திறந்தாள். 'நாகலோகம்' அட்டை விளையாட்டில் ஓர் அறிவிப்பு. ஆண்டுச் சுழற்சி. நூற்றுப் பதினான்கு அட்டைகள் இன்று முதல் போட்டிகளில் செல்லாது. பட்டியலில் ஒன்பதாவது, ஊழிக்காவலன்.

அவளுடைய முப்பது அட்டைக் கட்டுக்குள் மூன்று ஊழிக்காவலன்.

"அக்கா, தூக்கிட்டானுங்க."

அகிலா டிபன் பாக்ஸிலிருந்து நிமிர்ந்தாள். இருவரும் சுரங்க ஸ்டோர்ஸில் கம்ப்யூட்டர் பதிவு வேலை. அகிலா பெர்மனன்ட், பதினெட்டாம் வட்டத்தில் கம்பெனி குவார்ட்டர்ஸ். சங்கீதா ஒன்பது வருடமாகக் கான்ட்ராக்ட். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள்.

"யாரைத் தூக்கினாங்க?" அகிலா பதறினாள்.

"ஆளு இல்லக்கா. கார்டு."

"அடச்சீ. நான் யாரையோ வேலைய விட்டு எடுத்துட்டாங்கன்னு நினைச்சேன்."

"இதுவும் அதுதாங்க."

ஞாயிற்றுக்கிழமை மாநிலப் போட்டி. இருபதாயிரம் பேரில் அறுபத்து நாலு பேர் தேறியிருந்தார்கள். அவளும் ஒருத்தி. காசு கட்டாமல் தேறியவள். தினமும் இலவசமாக வரும் ஐந்து அட்டைகளில் இரண்டு வருடம் சேர்த்த கட்டு அது.

"இதுக்குத்தான் ஏழு கோட்டைக்கு வான்னு சொன்னேன்" என்றாள் அகிலா. அவள் ஆடுவது அந்த விளையாட்டு. "அதுல பழைய கார்டு செல்லாதுங்கிற பேச்சே கிடையாது. ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்கலாம்."

"காசு கட்டினவன்தானே அதுல ஜெயிக்கிறான்? போன வாரம் ஒரு ஸ்கூல் பையன்கிட்ட தோத்துட்டு, அவன் அப்பன் கிரெடிட் கார்டைத் திட்டிகினு இருந்தீங்களே."

"திட்டினேன். இப்பவும் திட்டுவேன். ஆனா என் கார்டு என்கிட்ட இருக்கு."

சங்கீதா தான் உடைத்த அட்டைகளின் பட்டியலைத் திறந்து காட்டினாள். பொங்கலன்று அவள் இருநூற்றுப் பன்னிரண்டு அட்டைகளை உடைத்திருந்தாள். நாகலோகத்தில் அட்டையை யாருக்கும் கொடுக்க முடியாது. உடைக்கலாம். உடைத்தால் பொடி வரும். அந்தப் பொடியில் வேறு அட்டை செய்யலாம். அவள் மூன்று ஊழிக்காவலன் செய்தாள்.

"எல்லாத்தையும் ஏன்டி உடைச்ச?"

"அதுல பெர்மனன்ட்னு போட்டிருந்துச்சுக்கா."

அகிலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பெர்மனன்ட்னா மேசையில இறக்கினா அங்கேயே நிக்கும்னு அர்த்தம். ஆட்டம் முடியிற வரைக்கும்."

"ஆட்டம் முடியிற வரைக்கும்னா அதுக்குப் பேரு கான்ட்ராக்டுக்கா."

அகிலா சிரிப்பை நிறுத்தினாள்.

இந்த ஊரில் பெர்மனன்ட் என்ற சொல்லுக்கு வேறு பொருள் கிடையாது. பெண் பார்க்க வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்பே கேட்கிற சொல் அது. பெர்மனன்ட் என்றால் எடுக்க முடியாது. சங்கீதா அப்படித்தான் படித்தாள். இங்கே யாராக இருந்தாலும் அப்படித்தான் படிப்பார்கள்.

விளையாட்டு நிறுவனத்துக்கு எழுதினாள். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி; 'பெர்மனன்ட்' என்பது ஆட்டக் களத்தைக் குறிக்கும் கலைச்சொல்; சுழற்சி ஆட்டத்தைப் புதுமையாக வைத்திருக்கிறது. கடைசியில் ஒரு சிரிக்கும் பாம்பு.

"சிரிக்குது பாருங்க. வயித்தெரிச்சலா இருக்கு."

அந்த மூன்றையும் உடைத்தால் கால் பங்கு பொடி கிடைக்கும் என்றது திரை. அவள் உடைக்கவில்லை. மாலை ஐந்து மணிக்குள் போட்டிக்கான கட்டைப் பதிய வேண்டும். ஊழிக்காவலன்களுக்குப் பதிலாக, எல்லோருக்கும் முதல் நாள் கிடைக்கும் எலி அட்டைகள் மூன்றைச் சேர்த்துப் பதிந்தாள்.

"எலியை வச்சுகினு என்னடி பண்ணுவ?" அவளுடைய பேச்சிலேயே கேட்டாள் அகிலா.

"தோப்பேன். ஆடாம போக மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை முதல் சுற்றில் ஜெயித்தாள். இரண்டாம் சுற்றில் அவள் கைக்கு மூன்று எலியும் ஒன்றாக வந்தன. எதிராளி இறக்கியது புது வெளியீட்டு அட்டை. அதன் பெயருக்குக் கீழே பெர்மனன்ட் என்று எழுதியிருந்தது. தோற்றாள்.

திங்கட்கிழமை மறுபடியும் எழுதினாள். கார்டைத் திருப்பித் தர வேண்டாம். அந்த வார்த்தையை எடுங்கள். அதே பதில் வந்தது, அதே பாம்பு. மறுபடியும் அனுப்பினாள். சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் ஆறு தடவை.

அகிலா கையைக் கழுவிவிட்டு வந்து தன் கைபேசியில் நாகலோகத்தை ஏற்றினாள்.

"நீங்க எதுக்குக்கா?"

"உள்ள போனாத்தானே புகார் எழுத முடியும்? நீ எழுதினதேதான். கீழ பேரு மட்டும் என்னுது." தட்டச்சு செய்தபடியே சொன்னாள். "பெர்மனன்ட் ஆளு சொன்னா கேக்குறானுங்களான்னு பாப்போம்."

சங்கீதா அவளையே பார்த்தாள்.

"அங்கேயும் பெர்மனன்ட்தானாக்கா?"