அரண்மனைக்குள் இரண்டு சம்பந்திகள்

நீதிமன்றத்துக்கு நேர் எதிரே அரண்மனை. அரச குடும்பம் போய் எத்தனையோ வருஷமாகி, இப்போது அது ஓவியக்கூடம். மகளின் விவாகரத்து வழக்கை எப்போது கூப்பிடுவார்களோ என்று காலையிலிருந்து வராந்தாவில் நின்று கால் கடுத்துப்போன தையல்காரம்மா, "முடிஞ்சதும் ஃபோன் பண்ணு" என்று அவளிடம் சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்தார். டிக்கெட் வாங்கித் திரும்பினால், வரிசையில் அடுத்ததாக மாப்பிள்ளையின் அம்மா. ஓய்வுபெற்ற நர்ஸ். இருவருக்கும் எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"அங்க உக்கார இடமில்ல, சம்பந்தி" என்றார் நர்ஸம்மா, பழக்கதோஷத்தில்.

உள்ளே போக ஒரே வழிதான். வேண்டாமென்றாலும் சேர்ந்துதான் நடக்க வேண்டியிருந்தது. வாள் பிடித்த ராஜாக்கள் சுவர் முழுக்க. தையல்காரம்மா யாரையும் பார்க்கவில்லை, ஃபோனைத்தான் பார்த்தார். சிக்னல் இல்லை. ஒவ்வொரு ஜன்னலாகப் போய் நீட்டிப் பார்த்தார்.

"சுவரு ஒரு முழம் கனம். எப்படிக் கிடைக்கும்?" என்றார் நர்ஸம்மா. அவர் கையிலும் ஃபோன்தான்.

ராணியின் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பட்டு அங்கி. தையல்காரம்மா அங்கே மட்டும் நின்றார். "இடுப்புல ரெண்டு தடவை பிரிச்சுத் தச்சிருக்காங்க. பாவம், பிள்ளை பெத்த உடம்பு."

நர்ஸம்மா குனிந்து பார்த்தார். நிமிராமலே பேசினார். "என் பையன் சின்னதுலருந்தே வாயத் திறக்க மாட்டான். ஊமை மாதிரி ஒருத்தனோட அவளும் எவ்வளவு நாள்தான் இருப்பா? தெரிஞ்சுக்கிட்டே உங்க பொண்ணத்தான் குறை சொன்னேன்."

தையல்காரம்மா அந்த அறை ஜன்னலருகே நகர்ந்தார். அங்கே சிக்னல் கிடைத்து அவர் ஃபோன் அடித்தது.

"முடிஞ்சிருச்சும்மா" என்றாள் மகள். "அவரு அவங்கம்மாவத் தேடிட்டிருக்காரு. லைனே கிடைக்கலையாம்."

தையல்காரம்மா ஃபோனை இறக்கினார். பக்கத்திலிருந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். காவலர் ஓடிவந்தார். "அம்மா, எழுந்திருங்க. அது மகாராணி உட்கார்ந்த நாற்காலி."

நர்ஸம்மா குறுக்கே நின்றார். "மகாராணி இப்ப வரப்போறதில்ல. நான் நர்ஸு. ரெண்டு நிமிஷம் பொறுங்க." மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.

"பொண்ணு அழுறாளா?" என்று கேட்டார்.

"இல்ல. அதான் பயமா இருக்கு."

காவலர் கூஜாவில் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்ததும் இருவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. வாசலைத் தேடி வேகமாக நடந்ததில் அறைகளுக்குள் வழி தவறி, ஒரே வேட்டைக்காட்சி ஓவியத்தின் முன் இரண்டு முறை வந்து நின்றார்கள். நர்ஸம்மாவுக்கு மூட்டுவலி. அவர் பையைத் தையல்காரம்மா வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

வெளியே வந்தபோது, எதிர்ப்பக்கத்தில் மகளும் நர்ஸம்மாவின் பையனும் ஆளுக்கொரு திசை பார்த்தபடி நின்றிருந்தார்கள். போக்குவரத்து அதிகம். சம்பந்திகள் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டே சாலையைக் கடந்தார்கள். நர்ஸம்மா நேரே பெண்ணிடம் போய், அவள் கன்னத்தைத் தொட்டார். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

தையல்காரம்மா பையை அவனிடம் கொடுத்தார். "அம்மாவ நடக்க விடாதீங்க. வண்டி பிடிங்க."

"சரிங்க" என்றான். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மகள் கேட்டாள். "உள்ள என்னம்மா இருந்துச்சு?"

"ஒண்ணையும் சரியாப் பாக்கல" என்று சொல்லிவிட்டு, அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.