வடித்த பார்லி

சனிக்கிழமை காலையில் சூசைநாதன் பார்லியை வடிப்பார். குண்டான் வாயில் மூடியை அழுத்திச் சாய்த்தால் பிளாஸ்டிக் பேசினுக்குள் கஞ்சி கெட்டியாக இறங்கும். ஞாயிற்றுப் பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டை அதில் ஊறும். செமோர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் இருந்த நாளிலிருந்து அப்படித்தான்; அப்போது சோற்றுக் கஞ்சி, இப்போது பார்லிக் கஞ்சி. மனைவி ஹில்டா இறந்த பிறகு, இப்போது இருக்கும் சிலிபின் வீட்டில் என்னென்னவோ மாறியது. சட்டைக்குக் கஞ்சி போடுவது மட்டும் மாறவில்லை.

பார்லி மகள் கிறிஸ்டின் கொடுத்தனுப்பியது. அடிலெய்டில் அவளுக்கு வேலையே அதுதான். எந்த மரபணு இருந்தால் மணியில் நார்ச்சத்து கூடும் என்று செடிக்குச் செடி சேர்த்துப் பார்ப்பது. தாய்ச்செடி, தகப்பன்செடி இரண்டும் கொடுத்தால்தான் அந்தக் குணம் மணியில் தெரியுமாம். அப்படித் தேறிய பார்லியைச் சோற்றுக்குப் பதில் சாப்பிட்டு, விரலில் குத்தி ரத்தத்தில் இனிப்பு நீர் எவ்வளவு என்று பார்த்து வாராவாரம் சொல்லச் சொன்னாள்.

அதுவரை நினைத்தால் கூப்பிடுகிறவள், இப்போது ஞாயிறு ஐந்து மணி தவறுவதில்லை. எண்ணுக்காகத்தான் கூப்பிடுகிறாள் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும், அந்த இருபது நிமிடத்தை நம்பித்தான் மற்ற ஆறு நாளையும் ஓட்டினார்.

எட்டு வாரமாகியும், ஏழுக்கு வர வேண்டிய எண் பதினொன்றை விட்டு இறங்கவில்லை. கிறிஸ்டின் குழம்பிப்போய் இன்னும் பத்து நிமிடம் கூடுதலாகப் பேசினாள். ஒரு ஞாயிறு, கைப்பேசித் திரையில் அவர் கழுத்துப் பட்டையையே பார்த்தாள்.

"சட்ட ஏன்பா இவ்ளோ வெறப்பா இருக்கு?"

"கஞ்சி போட்டேன்லா. ஒன்னோட பார்லி வடிச்ச தண்ணிதான். தெனமும் வடிச்சுத்தானே சாப்புடுறேன்."

கிறிஸ்டின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

"அந்த நார்ச்சத்து தண்ணியில கரையும்பா. நான் பத்து வருஷமா தேடினத நீங்க சட்டைக்குப் போட்டிருக்கீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். கண்ணில் நீர் வர இருவரும் சிரித்தார்கள். அந்த வீடு அப்படியொரு சிரிப்பைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து வடிக்கவில்லை. கொழகொழவென்றிருந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். எண் ஒன்பதானது, எட்டானது. ஆறாம் வாரம் ஏழு. காலண்டரில் எழுதியிருந்ததைப் பெருமையாகப் படித்துக் காட்டினார்.

"நல்லாருக்குப்பா. இனி வாராவாரம் வேணாம். ஏறுனா மட்டும் மெசேஜ் போடுங்க."

அடுத்த ஞாயிறு ஐந்து மணி வந்தது, போனது. அதற்கடுத்ததும் அப்படியே. எதிர்வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தம்தான் துணை. மகள் வேலைதான் ஜெயித்திருக்கிறது, சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று தனக்கே சொல்லிப் பார்த்தார். சந்தோஷம் வரவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை குண்டானை இறக்கி வைத்துவிட்டு வெகுநேரம் நின்றார். பிறகு பேசினை எடுத்து வந்தார். மூடியை அழுத்திச் சாய்த்தார். கஞ்சி ஒரு சொட்டு மிச்சமில்லாமல் இறங்கியது.

மத்தியான வெயிலில், கொடியில் வெள்ளைச் சட்டை உள்ளே ஆளில்லாமலேயே கையை விரித்து விறைத்துக்கொண்டு நின்றது.