ஒரு நாளைக்கு ஒரு குளிசை

பள்ளியில் வாங்கி வந்த நோன்புக் கஞ்சியைக் கதிரையில் வைத்துவிட்டு, என் கணவர் முகைதீன் அதன் மேலேயே உட்காரப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். தாடியிலிருந்து வேர்வை சொட்டியது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

அவருக்குச் சீனி வருத்தம். பகலிலும் குளிசை போட வேண்டும், நோன்பு பிடிக்காதீர்கள் என்று டொக்டர் சொன்னதை இந்த மனுசன் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார். பேஸ்புக்கில் எவனோ பிறைப் படம் போட்டு, "நோன்பாளிகளுக்கு விசேடமானது, ஒரு நாளைக்கு ஒரு குளிசை" என்று விற்றான். டொக்டரின் மருந்துத் துண்டு கேட்கவில்லை. வந்த பெட்டியில் எங்கே செய்தது என்றுகூட இல்லை. நான் கத்தினேன்.

"நம்மட ஆக்கள் விக்கிற சாமான் புள்ள, ஏமாத்துவாங்களா?" என்றார். பிறையைக் காட்டினால் இவருக்கு நஞ்சையும் விற்றுவிடலாம்.

"மச்சான், சீனித் தண்ணி குடிங்க" என்று இப்போது கோப்பையை அவரிடம் நீட்டினேன்.

"நோன்பு..." நாக்குக் குழறியது. கோப்பையைத் தட்டிவிட்டார்.

"நோன்பப் பிறகு கழாச் செய்யலாம். மௌத்தாகினா என்னத்தக் கழாச் செய்யிற?"

பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டார். பக்கத்து வளவு முஸ்பிறா பாமசியில் வேலை செய்கிறவள். மதிலுக்கு மேலால் கத்திக் கூப்பிட்டேன். சீனி பார்க்கும் மெசினோடு ஓடி வந்தாள். விரலில் குத்திப் பார்த்தவளின் முகம் வெளுத்தது.

"சீனி நல்லா இறங்கிட்டு ராத்தா. தேன் இருக்கா?"

தேனைத் தொட்டுத் தொட்டு அவர் கன்னத்தின் உட்பக்கம் தடவினாள். நான் பெட்டியிலிருந்த நம்பருக்கு எடுத்தேன். அப்படி ஒரு நம்பரே பாவனையில் இல்லையாம். யா அல்லாஹ், யாரிடம் போய்க் கேட்பது?

கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணைத் திறந்து, "றஸ்னா" என்றார். நான் அழுதேன். அழுதுகொண்டே ஏசினேன்.

"இன்னும் முடியல்ல ராத்தா. குளிசை உடம்புக்குள்ள கிடக்கு, திரும்பவும் சீனிய இறக்கும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்." ஓட்டோவுக்குச் சொல்லிவிட்டு முஸ்பிறா பெட்டியைத் திறந்தாள். "எத்தின குளிசை போட்டீங்க காக்கா?" என்று அவரிடம் கேட்டாள்.

"ஒண்டுதான். இண்டைக்குத்தான் தொடங்கினன்."

"அப்ப மத்தக் குளிசைக் காட் எங்க? ஒண்டுதானே இருக்கு."

அவர் பள்ளிப் பக்கம் திரும்பினார். முகம் கோணிக்கொண்டு போனது.

"மோதினாருக்கும் சீனிதானே. பாவம், நோன்போட நிண்டு பாங்கு சொல்ற மனுசன். விடிய, சுபஹுக்கு முன்னுக்கு அந்தக் காட்டச் சதக்காவா குடுத்தன்." மூச்சு வாங்கினார். "பின்னேரம் அசர் பாங்கில அவர்ர குரல் தடுமாறிச்சி, புள்ள. தொண்டை வறண்டிருக்கும் எண்டு நினைச்சன்."

மோதினார் பள்ளி அறையில் தனியாக இருக்கிறவர். அவருடைய போன் அடித்து அடித்து ஓய்ந்தது. என் கணவரை முஸ்பிறாவோடு ஓட்டோவில் ஏற்றிவிட்டு, நான் தேன் போத்தலோடு பள்ளிக்கு ஓடினேன். வீட்டு வாசல்களில் எல்லாரும் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாங்குக்குக் காத்திருந்தார்கள்.

"நேரமாகிட்டே, என்ன இன்னும் பாங்கக் காணல்ல?" என்று யாரோ கேட்டார்கள்.

நான் இன்னும் வேகமாக ஓடினேன். பள்ளி மைக் கரகரத்தது. பாங்கு கேட்டது.

அது மோதினாரின் குரல் இல்லை.