மேலே இருக்கும் சாக்கெட்

மாட்டுங்கா லேபர் கேம்பில் வானமாமலையிடம் பேரம் பேசி ஜெயித்த ஒரே ஆள் அவர் மனைவி பார்வதியம்மாள். போன ஆவணியில் அவளும் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்தது கரண்ட் மீட்டர் பார்க்கிறவனும் ஒரு பூனையும்தான். பூனையும் பால் இல்லையென்று தெரிந்ததும் நின்றுவிட்டது.

மெல்பர்னில் இருக்கும் மகள் மாலதி புதுக் கம்ப்யூட்டர் அனுப்பியிருந்தாள், பெட்டி மட்டும். "ஸ்கிரீன் அங்கயே வாங்கிக்குங்கப்பா" என்றாள். பழைய சதுர மானிட்டர் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது இன்னொன்று எதற்கு? சிக்கல் என்னவென்றால், அதன் வயருக்கு நீலத் தலை, பதினைந்து ஊசி. புதுப் பெட்டியின் முதுகிலோ தட்டையான ஓட்டைகள்தான்.

தாராவி நைன்டி ஃபீட் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தௌசீப்பிடம் போனார். அவன் கன்வெர்ட்டர் ஒன்றைக் காட்டி ஐந்நூறு என்றான். முப்பத்தெட்டு வருஷம் தோல்பைக் கடையில் நின்று விலை பேசிய வாய் சும்மா இருக்குமா? கால் மணி நேரத்தில் நூற்றைம்பதுக்கு இறக்கினார். தௌசீப் கன்வெர்ட்டரை உள்ளே வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் பொருந்துகிற ஒரு வயரை எடுத்துக் கொடுத்தான். ஜெயித்த நடையோடு வீட்டுக்கு வந்து மாட்டினார். திரை கறுப்பாக நின்று, 'நோ சிக்னல்' என்றது.

மறுநாள் வயரைக் கொண்டுபோய் மேஜையில் போட்டார்.

"நீங்க விலையைக் கொறச்சீங்க மாமா, நான் சாமானைக் கொறச்சேன்" என்றான் தௌசீப். "இது வெறும் வயரு. புதுப் பெட்டி பேசுறது உங்க பழைய ஸ்கிரீனுக்குப் புரியாது. நடுவுல ஒருத்தன் இருந்து மாத்திச் சொல்லணும். அவந்தான் கன்வெர்ட்டர்."

"நேத்தே சொல்றதுக்கு என்னடே?"

"சொன்னேனே. உங்க காதுல விலை மட்டுந்தானே விழுந்துச்சு."

"சரி, ஐந்நூறே வச்சுக்கோ. வீட்டுக்கு வந்து மாட்டித் தரணும், அதுவும் சேத்துத்தான்."

சாயங்காலம் தௌசீப் வந்தான். கன்வெர்ட்டரைப் பெட்டியின் மேலே இருந்த சாக்கெட்டில் செருகினான். கறுப்பு. கழற்றி ஊதினான், வயரை மாற்றினான், மானிட்டர் பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்தான். கறுப்புதான். வானமாமலை டீ போட்டார். தௌசீப் உம்மாவின் முட்டிவலியைப் பற்றிச் சொன்னான், கடை வாடகையைப் பற்றிச் சொன்னான், பார்வதி மாமி கொடுத்த முறுக்கைப் பற்றிக்கூடச் சொன்னான். இரண்டாவது டீயும் ஆயிற்று. ஒன்றரை மணி நேரம் அந்த வீட்டில் மனிதக் குரல் கேட்டது.

அப்புறம் அவன் நெற்றியில் தட்டிக்கொண்டான். "அரே, இதுல படம் காட்டுற கார்டு தனியா கீழ இருக்கு மாமா. மேல இருக்கிற சாக்கெட் வேலை செய்யாது." கீழே மாற்றினான். திரை பளிச்சென்று எரிந்தது. "ஹோ கயா, முடிஞ்சுது" என்று பையைத் தோளில் போட்டான். இரண்டு நிமிஷத்தில் படி இறங்கிவிட்டான்.

வானமாமலை எரிகிற திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பார்க்க ஒன்றுமில்லை. மாலதிக்கு அங்கே நடுராத்திரி. இரண்டு டம்ளரில் தன்னுடையதை மட்டும் கழுவி வைத்தார்; தௌசீப் குடித்ததை எடுக்க மனம் வரவில்லை.

மறுநாள் காலையில், கீழே இருந்ததைப் பிடுங்கி மேலே செருகினார். நோ சிக்னல். திருப்தியோடு போனை எடுத்தார்.

"தௌசீப்பு, நேத்து நீ மாட்டினது போச்சுடே. கறுப்பா நிக்குது. வந்து பாரு."

"வரவே வேணாம் மாமா, போன்லயே முடிஞ்சிரும். பின்னாடி பாருங்க. மேல இருக்கிற சாக்கெட்லயா இருக்கு?"

வானமாமலை இதை எதிர்பார்க்கவில்லை. "ஆமா" என்றார்.

"நான் கீழதானே போட்டேன். யாராச்சும் கை வச்சாங்களா?"

"இந்த வீட்ல கை வைக்க யாருடே இருக்கா?"

போனில் ரோட்டு ஹாரன் சத்தம் கேட்டது.

"சரி, தொடாதீங்க. அப்படியே இருக்கட்டும்" என்றான் தௌசீப். "கடையை ஆள்கிட்ட விட்டுட்டு ஆறு மணிக்கு வாரேன்."

வானமாமலை தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"அஞ்சுன்னு வை."

"கட்டாது மாமா. அஞ்சே முக்கால்."

"அஞ்சரை. டீ ரெண்டு."

"அஞ்சரை" என்றான் தௌசீப்.