கோட்டைக்காரர் விரட்டிய வாடிக்கையாளர்கள்

துணி துவைக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் அந்த நிறுவனத்தில், வலைத்தளத்தைக் காவல் காப்பவருக்குக் கோட்டைக்காரர் என்று பட்டப்பெயர். காலையில் வந்ததும் மௌஸை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுக் கறுப்புத் திரையின் முன் அமர்வார். கட்டளை ஒன்றைத் தட்டி, தளத்துக்குள் யாரை விடலாம், யாரைத் தடுக்கலாம் என்று பார்க்கும் ஃபயர்வாலின் விதிகள் அடங்கிய மென்பொருள் தொகுப்பைப் புதுப்பிப்பார். இடையில் திரை எதைக் கேட்டாலும், படிக்காமலே ‘ஆம்’ என்பதற்கான ‘ஒய்’ எழுத்தைத் தட்டிவிடுவார். “விவரம் தெரிஞ்சவங்க கேட்டா, சரின்னு சொல்லிட்டுப் போயிடணும்” என்பது அவருடைய கொள்கை.

ஒரு திங்கட்கிழமை திரை சற்று நீளமாகவே கேட்டது: ‘நீங்கள் திருத்தி வைத்திருக்கும் அமைப்புக் கோப்பை நீக்கிவிட்டு, புதியதை வைக்கட்டுமா?’ வழக்கம்போல் இசைவு தந்தார். ஆங்கிலம் அல்லாத எழுத்தில் வரும் செய்திகளையும் உள்ளே விடும்படி அவரே முன்பு எழுதியிருந்த விதிவிலக்கு, அந்தக் கோப்போடு போயிற்று.

அன்று முதல், தாய்மொழியில் புகார் எழுதியவர் அனைவரும் ஃபயர்வாலின் கண்ணுக்குக் கொள்ளைக்காரர்கள் ஆயினர். அங்கே ஆங்கிலத்தில் எழுதுவோர் மருந்துக்கும் இல்லை. வீட்டுக்காரரையே வாசலில் மறித்துக் குரைத்துவிட்டு, எலும்புக்கு வாலாட்டும் நாயைப்போல, மாலைதோறும் அது தான் முறியடித்த தாக்குதல்களைப் பட்டியலிட்டது. கோட்டைக்காரர் பூரித்துப்போய், அதை மேலாளரிடமும் தினமும் பெருமையாகச் சொல்லிவந்தார்.

புகார்கள் தளத்தின் வழியே மட்டும்தான் வரும். அவற்றைப் பெற்று ஆள் அனுப்பும் மேசையில் இருந்த அக்கா ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். வாரக் கடைசியில் மேலாளர் அங்கே வந்து நின்றார்.

“என்னம்மா, ஊர்ல ஒரு மெஷின்கூட கெட்டுப்போகலையா? வேலை இல்லாத மேசைக்கு ஆள் எதுக்கு? அடுத்த மாசம் இந்த மேசையை எடுத்துடலாம்னு இருக்கேன்.”

“ஒண்ணுமே வரலை சார். நான் கண்கொட்டாம பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

மேலாளர் கோட்டைக்காரரைப் பார்த்தார். “சைட்ல ஏதாவது கோளாறா?”

“சைட் கல்லு மாதிரி இருக்கு சார்,” என்றார் அவர், எதையும் சோதித்துப் பார்க்காமலே. “அக்காதான் கவனிக்காம விட்டிருப்பாங்க.”

“நல்லா இருங்க தம்பி,” என்று மட்டும் சொன்னார் அக்கா.

மாலையில் கோட்டைக்காரர் வீடு திரும்பியபோது, மனைவி கணுக்காலளவு நீரில் நின்றுகொண்டிருந்தார்.

“உங்க கம்பெனி என்னைத் திருடிங்குது!”

“என்ன உளர்றே?”

“மெஷின் ஒழுகுதுன்னு எழுதி அனுப்பினா, ‘அனுமதி மறுக்கப்பட்டது’ன்னு வருது. கட்டின புருஷன் காவல் காக்கிற இடத்துல எனக்கே அனுமதி இல்லையாம்!”

“நீ ஏதாவது தப்பாத் தட்டியிருப்பே.”

“ஆமா, உங்களைக் கட்டிக்கிட்டதுதான் தப்பு. இந்தாங்க, நீங்களே தட்டுங்க.”

தட்டினார்; மறுத்தது. ஆங்கிலத்தில் தட்டினார், இனிதே ஏற்றுக்கொண்டது. தாம் எழுதிய விதிவிலக்கு, திங்கட்கிழமை படிக்காமல் தட்டிய ‘ஒய்’யோடு போயிருப்பது கோட்டைக்காரருக்குப் புரிந்தது.

இரண்டு வரிகளைச் சேர்த்தால் போதும். நாளை முதல் புகார்கள் கொட்டும். எவருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் இந்த வாரத்துப் பழி அக்காவின் தலையிலேயே கிடக்கும், மேசையும் போகும். அதை எண்ணியபோது அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் விதிவிலக்கைத் திரும்ப எழுதிவிட்டு, எல்லோரும் கேட்க மேலாளரிடம் சொன்னார்: “சார், அக்கா மேல ஒரு தப்பும் இல்லை. நான்தான் கேள்வியைப் படிக்காம விதிகளை மாத்திட்டேன். நேத்து பார்க்காமலே அவங்க மேல பழியும் போட்டேன்.”

“அப்போ நீ தினமும் முறியடிச்சேன்னு சொன்ன தாக்குதல்?”

“எல்லாம் ஒழுகுற மெஷின் சார்.”

மேலாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். “மேசை இருந்த இடத்துலேயே இருக்கட்டும். வர்றவங்களை முதல்ல உள்ள விடுப்பா!”

கோட்டைக்காரர் அக்காவிடம் போனார். “மன்னிச்சுக்கங்க அக்கா. நான் விரட்டினவங்க நம்பரெல்லாம் சர்வர்ல இருக்கு. ஒவ்வொருத்தரையும் நானே கூப்பிடுறேன். திட்டு எனக்கு விழட்டும்.”

“விழும் தம்பி, நல்லாவே விழும்,” என்று அக்கா தம் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

முதல் அழைப்பிலேயே எதிர்முனைக் குரல் அறைமுழுதும் கேட்டது. அவர் போனைக் காதிலிருந்து சற்றே விலக்கிப் பிடித்துக்கொண்டார்.

“ஆமாங்கம்மா... உங்க மேல தப்பே இல்லைங்க, எங்க மேலதான்... இல்லைங்க, என் மேலதான். இன்னிக்கே ஆள் வருவாங்க.”

அக்கா முகவரியைக் குறித்துக்கொண்டு, அடுத்த எண்ணைச் சொன்னார்.